ஒரு வாய்க்கு ஒரு பல்

பகலில் நான் பல் செய்கிறவள்.
குன்னூர் பெட்ஃபோர்டில், பேக்கரிக்கு மேல்மாடி.
ஜெசிந்தா டென்டல் லேப் என்கிற பலகையில்
மழை எனக்கு விட்டுவைத்தது
ஜெசிந்தாவை மட்டும்.

மெழுகில் செதுக்கு. மாவில் புதை.
மெழுகை உருக்கி ஓடவிடு.
அது இல்லாமல்போன இடத்தில்
உலோகத்தை ஊற்று.
கடைவாய்ப் பல்லுக்கும் ரயில் எஞ்சினுக்கும்
இதில் வித்தியாசமே கிடையாது,
எஞ்சின் அறுபத்தைந்து மில்லிமீட்டர் என்றால்.

நூற்றறுபதில் ஒரு பங்கு.
மலைப்பாதையின் மீட்டர் அகலம்
அப்போது ஆறேகால் மில்லிமீட்டர்.
கடையில் கிடைக்கும் தண்டவாளமோ ஆறரை.
அந்தக் கால் மில்லிமீட்டர் பொய்க்கு நான் ஒப்புக்கொண்டதால்
கேத்தி ஹாலன் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை.
படம் வரைகிறவன் அவன்.
எட்டு ஓட்டச் சக்கரம், நான்கு சிலிண்டர்,
வயிற்றுக்கடியில்
ஏற்றத்தைக் கவ்வும் பற்சக்கரம்:
ஒரு ரிவெட்டைக் கூட
அவனிடமிருந்து பிடுங்க முடியாது.

ஷென்சென் கம்பெனியிலிருந்து லியாங் எழுதினார்.
குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு.
ரிவெட்டைப் பெயின்ட்டில் காட்டிவிடலாம்.
சக்கரத்தில் ரப்பர் வளையம் மாட்டினால் ஏறிவிடும்,
பற்சக்கரம் எதற்கு,
யாரும் கவிழ்த்துப் பார்க்கப்போவதில்லை.

கவிழ்த்துப் பார்க்கமாட்டார்களாம்!
இந்த எஞ்சினை வாங்குகிறவன்
உறையைக் கிழித்ததும்
முதல் வேலையாகக் கவிழ்த்துத்தான் பார்ப்பான்.

ஆனால் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு எங்கே போக?
விரல்விட்டு எண்ணினோம், கால்விரலும் சேர்த்து.
ஈரோட்டில் ஒரு கண் டாக்டர்.
போத்தனூரில் ரிட்டையர்டு கார்டு, அவருக்குத் தவணை.
சுவிஸ் மலைக் கிராமத்தில் ஒரு தபால்காரி.
ஊர் சொல்லாத ஒருவர், அவருக்கு இரண்டு.
இப்படியே இருபத்து மூன்று.
பல் இருக்கிறவன் பக்கோடா தின்பான்,
நம்ம சந்தை பொக்கை வாய், என்றான் ஹாலன்.

ஏழாம் எண் திரும்பி வந்தது.
டாக்டரின் கடிதத்தில் கோபமில்லை.
பன்னிரண்டுக்கு ஒன்று ஏற்றத்தில்
ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகுகிறது
என்று மட்டும் இருந்தது.
முனகுகிறது.
அந்தச் சொல்லோடு ஓர் இரவு முழுக்கக் கிடந்தேன்.

காலையில், நோயாளிகளைக் கடிக்கச் சொல்லும் நீலத்தாளை
பற்சக்கரத்துக்கும் பற்சட்டத்துக்கும் நடுவே வைத்து
மெல்லத் தள்ளினேன்.
எல்லாப் பல்லும் லேசாகப் பதிந்தன.
பதினொன்றாவது மட்டும்
பேனா உடைந்தாற்போல் நீலம்.

தேய்த்தே சரிசெய்திருக்கலாம்.
புதிதாய் வார்த்தேன்.
ஏழாம் எண்ணின் லாபம் போயிற்று,
எட்டாம் எண்ணில் பாதியும்.

வெலிங்டனிலிருந்து அன்று வந்த அச்சு,
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தியது.
உலகத்தில் அதற்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்.
அவர் கொட்டாவி விட்டால்தான்
என் வேலை வெளிச்சம் பார்க்கும்.
அதற்கு யாரும்
குறைந்தபட்ச எண்ணிக்கை கேட்டதில்லை.

இதை ஹாலனிடம் சொன்னேன், பெருமையாக.
பல்லுக்கு வலி காசு கட்டுது அக்கா, என்றான்.
எஞ்சின் இல்லைன்னா யாருக்கு வலிக்குது?
பதில் தேடுகிற பாவனையில்
பர்னரை அணைத்தேன்.

கீழே ஸ்டேஷனில் நிஜ எஞ்சின்
பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வந்து நின்று
நீர் குடிக்கும் நேரம்.
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
மேசைமேல் எட்டாம் எண்
ஒரு மயிரிழை நகர்ந்தது, சத்தமில்லாமல்.

பிறகு மெயிலைத் திறந்தால்
இருபத்து நான்காவது ஆர்டர்.
லியாங். கம்பெனி முகவரி அல்ல,
ஏழாவது மாடியில் ஏதோ ஒரு வீடு.
ஒன்று போதும், சொந்தக் காசு.
பற்சக்கரத்தோடு என்பதற்குக் கீழே
இரண்டு கோடு.

ஹாலனிடம் இன்னும் சொல்லவில்லை.
சிரித்துவிட்டு உடனே கணக்குப் போடுவான்:
ஆயிரத்து ஐந்நூறுக்கு இருபத்து நான்கு,
அறுபத்திரண்டரையில் ஒரு பங்கு.

அதுவும் ஒரு ஸ்கேல்தானே.